இளம் பன்முக ஃபார்வர்டை வளர்த்தெடுப்பது எப்படி? தொழில்முறைக் கூடைப்பந்து அணிக்கான முழுமையான வழிகாட்டி

ஓர் இளம் ஆட்டக்காரரைப் பற்றி "அவர் எந்த இடத்திலும் ஆடுவார்" என்று தேர்வாளர்கள் சொன்னால், எந்த இடத்திலும் அவர் இன்னும் முழுமையாக ஆடவில்லை என்றும் அதற்குப் பொருள் கொள்ளலாம். பத்தொன்பது, இருபது வயது; ஏறக்குறைய 203 செ.மீ. உயரம், அதையும் மிஞ்சும் கைவிரிப்பு, வளையத்தில் விழாமல் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) பிடித்தவுடன் தானே பந்தைத் தட்டிக்கொண்டு மறுமுனைக்கு ஓடும் துணிச்சல், தொலைவிலிருந்து எறிந்தால் விழுமா என்ற ஐயம். இப்படிப்பட்ட ஃபார்வர்டுகள் (உயரமான முன்வரிசை ஆட்டக்காரர்கள்) ஒவ்வோர் ஆண்டும், அணிகள் இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் வருகிறார்கள். அவர்களில் சிலர் அணியின் அச்சாணி ஆகிறார்கள், பலர் இரண்டு மூன்று அணிகள் மாறியபின் கண்ணில் படாமலே போய்விடுகிறார்கள். இவ்விரு கூட்டத்தாருக்கும் இடையிலான வேறுபாட்டில் பிறவித் திறமைக்கு உள்ள பங்கைவிட, எதை முதலில் கற்பித்தார்கள், எதைப் பின்னுக்குத் தள்ளினார்கள் என்ற வரிசைக்கு உள்ள பங்கு பெரிது என்பது என் கருத்து. கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடிய ஒரு வேலையை அவரிடம் உருவாக்கிவிட்டு, அதன்மேல் மற்றவற்றை ஒவ்வொன்றாக ஏற்றும் முறையையே இங்கே விளக்குகிறேன்.

முதல் படி: பட்டத்தை மறந்துவிட்டுக் கணக்கெடுங்கள்

அணிக்கு வந்த முதல் இரண்டு வாரங்களில் அவருக்கு எதையும் கற்பிக்க வேண்டாம். அவருடைய பழைய ஆட்டங்களில் பத்தை எடுத்துவைத்துக்கொண்டு, புள்ளிகளை எண்ணாமல் முடிவுகளை எண்ணுங்கள். பந்து கைக்கு வந்தபோது எறிந்தாரா, பாஸ் கொடுத்தாரா, தட்டிக்கொண்டு உள்ளே சென்றாரா, அல்லது பந்தைப் பிடித்தபடி நின்றாரா என்று குறித்துவையுங்கள். நின்ற தருணங்களே உங்களுக்கு மிகவும் பயன்படும், ஏனெனில் அவருக்கு ஆட்டம் எங்கே புரியவில்லை என்பதை அவை காட்டிக்கொடுக்கும்.

இதனுடன் மூன்று செய்திகளைத் தனியே பாருங்கள். முதலாவது ஃப்ரீ த்ரோ, அதாவது எதிரணியின் விதிமீறலுக்காகக் கிடைக்கும் தனி எறிதல். கல்லூரி ஆட்டங்களில் தொலைவிலிருந்து எடுத்த மூன்று புள்ளி எறிதல்களின் எண்ணிக்கை பெரும்பாலும் குறைவாக இருப்பதால் அந்தச் சதவீதத்தை நம்பி முடிவுக்கு வர முடியாது. யாரும் மறிக்காத 15 அடிக் கோட்டிலிருந்து எறியும்போது கை எவ்வளவு சீராக இருக்கிறது என்பது வருங்காலத்தை அதைவிட நன்றாகச் சொல்லும். இரண்டாவது இடுப்பு. பக்கவாட்டில் சறுக்கி நகரும்போது அவர் இடுப்பைத் தாழ்த்திவைத்துக்கொள்கிறாரா, அல்லது இரண்டாவது அடியிலேயே நிமிர்ந்துவிடுகிறாரா என்று கவனியுங்கள். மூன்றாவது இடக்கைப் பாஸ். இடக்கையால் தட்டியபடியே அதே கையால் மூலைக்குப் பந்தை வீசக்கூடியவர் என்றால், அவரிடம் பெரிய கையிருப்பு இருக்கிறது என்று பொருள்.

இந்தக் கணக்கெடுப்பைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு போரிஸ் டியாவ் நல்ல சான்று. 2003 டிராஃப்டில் 21ஆவதாக அட்லாண்டா அணிக்கு வந்த அவரை அங்கே பெரும்பாலும், பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்தும் கார்டு இடத்தில் ஆடவைத்தார்கள். 2004-05 பருவத்தில் அவருடைய சராசரி 4.8 புள்ளிகள். அடுத்த பருவம் அவர் ஃபீனிக்ஸ் அணிக்கு மாற்றப்பட்டபோது, அங்கே அமாரே ஸ்டாடமையர் முழங்கால் அறுவை சிகிச்சையால் வெளியே இருந்தார். டியாவை வளையத்துக்கு அருகே, அணியின் மிக உயரமானவர் ஆடும் சென்டர் இடத்திலும்கூட, இறக்கினார்கள். தன்னை மறிக்க வந்த பருமனான ஆட்டக்காரர்களைவிட வேகமாகவும், சிறிய ஆட்டக்காரர்களைவிட வலுவாகவும் இருந்த அவர், 13.3 புள்ளி, 6.9 ரீபவுண்ட், 6.2 அசிஸ்ட் (புள்ளிக்கு வழிவகுக்கும் பாஸ்) என்ற சராசரியோடு 2006இல் பெருமுன்னேற்றம் கண்ட வீரருக்கான விருதைப் பெற்றார். ஒரு கோடைக்காலத்தில் மனிதர் அவ்வளவு மாறியிருக்க முடியாது. மாறியது அவரை நிற்கவைத்த இடம்தான்.

இரண்டாம் படி: தடுப்பாட்டத்தின் வழியே நிமிடங்களைச் சம்பாதிக்கவையுங்கள்

இளம் ஃபார்வர்டுக்கு ஆட்ட நிமிடங்கள் தானமாகக் கிடைத்தால், உடைமாற்றும் அறையில் மூத்தவர்கள் அதை மன்னிக்கமாட்டார்கள். தாக்குதலில் அவரைவிடத் தேர்ந்தவர்கள் அணியில் ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஆனால் கார்டையும் மறித்து, எதிரணியினர் குறுக்கே நின்று வழிமறிக்கும் ஸ்கிரீன் வந்தவுடன் ஆளை மாற்றிக்கொண்டு, வளையத்தருகே ஆடும் பருமனான பவர் ஃபார்வர்டையும் மறிக்கும் உடல் எல்லோரிடமும் இராது. ஆகவே அவருடைய முதல் வேலை அங்கேதான் இருக்க வேண்டும்.

எடுத்த எடுப்பில் எதிரணியின் தலைசிறந்த ஆட்டக்காரரை அவரிடம் ஒப்படைப்பது வழக்கமான தவறு. இரண்டு ஃபவுல் வாங்கிக்கொண்டு நான்கே நிமிடத்தில் வெளியே வந்து உட்கார்வார். அதற்குப் பதிலாகப் பந்து இல்லாத பக்கத்தில் நின்று உதவும் பொறுப்பை முதலில் கொடுங்கள். ஒருவர் ஸ்கிரீன் வைத்துவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் பிக் அண்ட் ரோலை எதிரணியினர் ஆடும்போது, மறுபக்க மூலையில் இருப்பவரை மறித்து நிற்கும் தடுப்பாளரே அப்படி வளையத்தை நோக்கி வரும் உயரமான ஆட்டக்காரரை முதலில் தடுத்து நிறுத்த வேண்டும். பந்து மூலைக்குப் பறந்தால் மறுபடியும் அங்கே ஓட வேண்டும். அமெரிக்கத் தொழில்முறைத் தொடரான என்.பி.ஏ.வின் விதிப்படி, கைநீட்டும் தொலைவில் யாரையும் மறிக்காத தடுப்பாளர் வளையத்தடியிலுள்ள பெயின்ட் பகுதிக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக்கூடாது என்பதால், உள்ளே ஒரு கால், வெளியே ஒரு கால் என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டே நகரும் பழக்கமும் இதில் சேர்ந்துவிடுகிறது. பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிபாவின் ஆட்டங்களில் அந்த விதி கிடையாது. ஐரோப்பாவில் வளர்ந்த இளைஞர்கள் முதல் சில வாரங்களில் இதில் தடுமாறினால் அதைச் சோம்பல் என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்த வேலையின் சிறப்பு என்னவென்றால், ஆட்டத்தை முழுமையாகப் படிக்க அது அவரைக் கட்டாயப்படுத்துகிறது. எதிரணியின் தாக்குதல் எங்கிருந்து தொடங்குகிறது, அடுத்த பாஸ் எங்கே போகும் என்பதை ஒரு பருவம் முழுக்கத் தடுப்பாளராக நின்று பார்த்தவர், பின்னாளில் தன் கையில் பந்து வரும்போது அதே படத்தை மறுபக்கத்திலிருந்து காண்கிறார்.

மூன்றாம் படி: உடலை அவசரப்படுத்தாதீர்கள்

இருபது வயதுக்காரரின் தசை வேகமாகப் பெருகும். தசைநாண்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காமல் பின்தங்கும். ஒரே கோடையில் பத்து கிலோ ஏற்றிக்கொண்டு வரும் இளைஞரின் படம் இரசிகர்களை மகிழ்விக்கலாம். ஆனால் 82 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் முழங்காலுக்குக் கீழே வலி தொடங்கினால் அந்த எடைக்குப் பொருளே இல்லை. முதல் ஆண்டின் இலக்கு தொடை, இடுப்பு, அடிவயிறு ஆகியவற்றின் வலிமையும், ஒற்றைக் காலில் இறங்கும்போது முட்டி உள்ளே சாயாத நிலையும்தான். எத்தனை முறை குதிக்கிறார் என்பதைப் பயிற்சியும் ஆட்டமும் சேர்த்து எண்ணிவாருங்கள். தூக்கத்தைப் பற்றியும் கேளுங்கள். இரவு விமானத்தில் வந்திறங்கிய மறுநாள் காலையில் எறிதல் பயிற்சி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான்காம் படி: எறிதலைச் சீரமைத்தல்

வளையத்திலிருந்து விலகி நிற்கும்போது அவரை மறிக்கவே தேவையில்லை என்று எதிரணி முடிவு செய்துவிட்டால், அவருடைய மற்றத் திறமைகள் அனைத்தும் நெரிசலில் சிக்கிக்கொள்ளும். அதனால் எறிதல் வந்தே ஆக வேண்டும். ஆனால் எல்லா இடத்திலிருந்தும் வர வேண்டியதில்லை. என்.பி.ஏ. ஆடுகளத்தில் மூன்று புள்ளிக் கோடு நடுவில் 7.24 மீட்டர் தொலைவிலும், மூலைகளில் 6.70 மீட்டர் தொலைவிலும் இருக்கிறது. இந்த அரை மீட்டர் வேறுபாடு இளம் எறிவாளருக்கு மிகப்பெரியது. மூலையில் பந்து வரும் திசையும் மாறுவதில்லை. கால்களை முன்கூட்டியே அமைத்துக்கொண்டு நிற்கலாம். பாஸ்கல் சியாகம் 2017-18 பருவத்தில் மூன்று புள்ளி எறிதலில் 22 சதவீதமே வைத்திருந்தார். அடுத்த பருவம் மூலைகளைத் தன் இடமாக்கிக்கொண்டு அதை 36.9 ஆக உயர்த்தினார். பெருமுன்னேற்ற வீரர் விருதும் டொராண்டோ அணியின் சாம்பியன் பட்டமும் அதே 2019இல் வந்தன.

சீரமைப்பில் ஒரு நேரத்தில் ஒன்றையே தொடுங்கள். காவாய் லெனர்ட் 2011இல் கல்லூரியிலிருந்து வந்தபோது அங்கே அவருடைய மூன்று புள்ளிச் சதவீதம் ஏறத்தாழ 25. சான் அன்டோனியோவின் எறிதல் பயிற்சியாளர் சிப் எங்கலண்ட் அவருடைய எறிதலை அடியோடு கலைத்துப்போடாமல், கை பந்தை விடுவிக்கும் முறையில் கவனம் செலுத்தினார். முதல் பருவத்திலேயே அது 37.6 ஆனது. இவ்வளவு விரைவான பலனை எல்லோரிடமும் எதிர்பார்க்கலாகாது. இருந்தாலும் எதைத் தொடாமல் விட்டார்கள் என்பது கற்றுக்கொள்ளத் தக்கது.

பெரும்பாலான உயரமான இளைஞர்களிடம் நான் பார்க்கும் குறை கையில் தொடங்குவதில்லை. பாஸ் வரும்போது அவர்கள் நேராக நின்றுகொண்டிருக்கிறார்கள். பந்தைப் பிடித்தபின் முட்டியை மடக்கி, பின் எழும்பி, பிறகு எறிகிறார்கள். மூன்று அசைவுகள் ஆகின்றன; அதற்குள் தடுப்பாளர் வந்துவிடுகிறார். பந்து காற்றில் இருக்கும்போதே முட்டி மடங்கியிருந்தால், பிடிப்பதும் எழுவதும் ஒரே அசைவாகிவிடும். இதற்கு நான் பரிந்துரைக்கும் பயிற்சி மிக எளியது: வளையத்திலிருந்து இரண்டு மீட்டர் தொலைவில், ஒரு கையால் மட்டும், பந்தைத் தூக்கி எறியாமல் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கடைசியாகத் தொட்டு விடும்படி இருபத்தைந்து எறிதல், பிறகு இரு கைகளாலும் அதே தொலைவில் இருபத்தைந்து, வளையத்தின் இரும்பைத் தொடாமல் விழுந்தால்தான் கணக்கு. இதை முடிக்காமல் கோட்டுக்கு அப்பால் போகவே கூடாது. சலிப்பூட்டும் வேலைதான், முதல் மாதத்தில் அவர் முகம் சுளிப்பார்.

ஐந்தாம் படி: அரை நொடியில் முடிவெடுக்கப் பழக்குதல்

இந்தப் படியில்தான் நேரத்தைத் தாராளமாகச் செலவிட வேண்டும். பன்முக ஆட்டம் என்று இரசிகர்கள் புகழ்வதெல்லாம் பெரும்பாலும் இங்கே பிறப்பதுதான். பந்து கைக்கு வந்த அரை நொடிக்குள் எறிய வேண்டும், அல்லது பாஸ் கொடுக்க வேண்டும், அல்லது தட்டிக்கொண்டு உள்ளே புக வேண்டும். பிடித்துக்கொண்டு யோசிப்பது நான்காவது வாய்ப்பு அன்று.

முதலில் மூலையில் ஒரு பயிற்சி. பயிற்சியாளர் மறுபக்கத்திலிருந்து பந்தை வீசுகிறார். வளையத்தடியில் இருந்து ஒரு தடுப்பாளர் ஓடிவருகிறார். ஓடிவருபவரின் முன்பாதத்தை மட்டும் பார்க்கும்படி இளைஞரிடம் சொல்லுங்கள். கைக்கு எட்டாத தொலைவிலேயே தடுப்பாளர் வேகத்தைக் குறைத்து நின்றுவிட்டால் எறிதல். உடலை எறிந்துகொண்டு பாய்ந்து வந்தால், எந்தப் பாதம் முன்னே இருக்கிறதோ அந்தப் பக்கமாக ஒரே தட்டலில் கடந்து போதல், ஏனெனில் முன்வைத்த காலின் பக்கம் திரும்புவதற்குத் தடுப்பாளர் முதலில் அந்தக் காலைப் பின்னே இழுக்க வேண்டியிருக்கும். கடந்தபின் வளையத்தருகே இரண்டாவது தடுப்பாளரை நிறுத்துங்கள். அவர் முன்னே வந்தால் அடிக்கோட்டருகே காத்திருக்கும் உயரமான சக ஆட்டக்காரருக்குத் தரையில் தட்டிய பாஸ். வராவிட்டால் தானே முடித்தல். ஒரு பயிற்சியில் இருபது முறை போதும். இருபதிலும் தடுப்பாளர் ஒரே மாதிரி வரக்கூடாது.

அடுத்தது, தன் அணியின் கார்டுக்கு ஸ்கிரீன் வைத்துவிட்டு ஃப்ரீ த்ரோ கோட்டருகே பந்தைப் பெறும் நிலை. கார்டை இரண்டு தடுப்பாளர்கள் சூழ்ந்துகொண்டால், மிச்சமிருக்கும் மூவரை இவர் பக்கத்து நால்வர் எதிர்கொள்கிறார்கள். இந்த நால்வர்-மூவர் கணக்கை நன்கு போடத் தெரிந்த ஒரு ஃபார்வர்டு, புள்ளி எடுக்காமலே ஓர் அணியை மாற்றிவிட முடியும். 2012இல் இரண்டாம் சுற்றில் 35ஆவதாகத் தேர்வான, 198 செ.மீ. உயரமே உள்ள டிரேமண்ட் கிரீன் அதைத்தான் செய்தார். 2014-15 பருவத் தொடக்கத்தில் கோல்டன் ஸ்டேட் அணியின் டேவிட் லீ காயமடைந்ததால் தொடக்க ஐவரில் இடம்பெற்ற கிரீன், அணியின் கார்டான ஸ்டெஃபன் கரியை இருவர் சூழும்போதெல்லாம் நடுவில் பந்தைப் பெற்றுச் சரியான ஆளுக்கு அனுப்பினார். அந்தப் பருவத்தில் கோல்டன் ஸ்டேட் சாம்பியன் ஆனது.

இங்கே கற்பிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்றுதான்: பந்தைப் பிடிப்பதற்கு முன்பே, வளையத்தருகே கடைசியாக நிற்கும் தடுப்பாளர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார் என்று பார்த்துவிடுவது. வீடியோ அறையில் நடக்கும் பேச்சு ஏறத்தாழ இப்படி இருந்தால் பயிற்சி சரியான தடத்தில் போகிறது என்று கொள்ளலாம்.

"இங்கே நிறுத்துறேன். பந்து இன்னும் காத்துல இருக்கு. உன் கண்ணு எங்கே இருக்கு?"

"பந்து மேலதான், கோச்."

"மூலையில நம்ம ஆளு தனியா நிக்கறது எப்போ தெரிஞ்சது?"

"பிடிச்சு, திரும்பின பிறகு. அதுக்குள்ள அவங்க ஆளு வந்துட்டான்."

"அப்போ தப்பு பாஸ்ல இல்லை."

இதற்குமேல் அந்தக் காட்சியைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஒரு நாளில் எட்டுக் காட்சிகளுக்கு மேல் காட்டாதீர்கள். அவற்றில் குறைந்தது மூன்று அவர் சரியாகச் செய்தவையாக இருக்கட்டும். அணியினர் அனைவர் முன்னிலையிலும் அவருடைய தவறுகளை மட்டும் ஓட்டிக்காட்டும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அதனால் கிடைக்கும் ஒரே பலன், அடுத்த ஆட்டத்தில் அந்த இளைஞர் பந்து தன்னிடம் வராத இடமாகப் பார்த்து நிற்பதுதான்.

ஆறாம் படி: பந்தை முழுதாக அவர் கையில் கொடுக்கும் காலம்

மேற்சொன்னவை ஓரளவு கைகூடியபின்தான் அவரைத் தாக்குதலின் தொடக்கப்புள்ளியாக ஆக்க வேண்டும். அதிலும் முதலில் வேகத்தாக்குதல்: தானே ரீபவுண்ட் பிடித்தால், கார்டைத் தேடாமல் தானே கொண்டுபோக அனுமதி. அப்போது எதிரணியின் தடுப்பு இன்னும் அமைந்திராது என்பதால் தேர்வுகள் எளிமையாக இருக்கும். நிதானமான தாக்குதலை நடத்தும் பொறுப்பு அதற்கு அடுத்தது. அதையும் இரண்டாம் வரிசை ஆட்டக்காரர்களோடு, எதிரணியின் இரண்டாம் வரிசைக்கு எதிராகத் தொடங்குவது நல்லது.

யானிஸ் அன்டெட்டோகவும்போ 2013இல் 15ஆவதாகத் தேர்வாகி, முதல் பருவத்தில் சராசரியாக 6.8 புள்ளிகளே எடுத்தார். மில்வாக்கி பயிற்சியாளர் ஜேசன் கிட் அவரிடம் பந்தை ஒப்படைத்து ஆட்டத்தை நடத்தச் சொன்னது அவருடைய மூன்றாம் பருவமான 2015-16இன் பிற்பகுதியில்தான். அடுத்த பருவத்தில் சராசரி 22.9 ஆகி, 2017இல் பெருமுன்னேற்ற வீரர் விருது கிடைத்தது. பின்னர் 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் மிகச் சிறந்த வீரர் விருதும், 2021இல் சாம்பியன் பட்டமும் வந்தன. அந்த ஆண்டு இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் அவர் எடுத்த 50 புள்ளிகளை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் இரண்டரைப் பருவம் அவர் ஓடியும் மறித்தும் கழித்ததைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

தவறுகளுக்கு இந்தக் கட்டத்தில் முன்கூட்டியே இடம் ஒதுக்குங்கள். பந்தை இழப்பதிலும் இருவகை உண்டு. திறந்திருந்த ஆளைக் கண்டு வீசிய பாஸ் கை தவறிப்போவது ஒன்று. மூவர் சூழ்ந்த இடத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டு புகுவது மற்றொன்று. முன்னதற்காக அவரை ஒருபோதும் வெளியே எடுக்காதீர்கள். பின்னதற்கு எடுங்கள், ஆனால் இரண்டு நிமிடத்தில் திரும்ப அனுப்புங்கள்.

ஏழாம் படி: எங்கே ஆடவைப்பது, எப்போது முடிவெடுப்பது

முதன்மை அணியில் இருக்கையில் உட்கார்ந்து பார்த்துக் கற்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஐந்து நிமிட ஆட்டத்துக்காக நாள் முழுவதும் பயணம் செய்யும் இளைஞரைவிட, என்.பி.ஏ. அணிகளின் துணை அணிகள் மோதும் ஜி லீக்கில் முப்பத்தைந்து நிமிடம் ஆடித் தோற்கும் இளைஞர் விரைவாக வளர்வார். சியாகம் முதல் பருவத்தில் டொராண்டோவின் தொடக்க ஐவரில் ஆடத் தொடங்கி, அந்த இடத்தை இழந்து, துணை அணியான ராப்டர்ஸ் 905க்கு அனுப்பப்பட்டார். அந்த அணி 2017இல் பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவர்தான். ஜேலன் ஜான்சனும் 2021இல் 20ஆவதாக அட்லாண்டாவுக்கு வந்து, முதல் பருவத்தில் முதன்மை அணிக்காக 22 ஆட்டங்களே ஆடி, மற்ற நேரத்தைத் துணை அணியில் செலவிட்டார். மூன்றாம் பருவத்தில் அவருடைய சராசரி 16 புள்ளிகள். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. துணை அணியிலும் அதே ஆட்ட அமைப்பு, அதே சொற்கள், அதே வேலை இருக்க வேண்டும். அங்கே முப்பது எறிதல் எறிந்து பழகியவர், மேலே வந்தபின் மூலையில் நின்று காத்திருக்கப் பொறுமை இழந்துவிடுவார். அனுப்புவதற்கு முன் நேரில் உட்காரவைத்து, எதற்காக அனுப்புகிறீர்கள், எத்தனை ஆட்டங்கள், எதைப் பார்த்துத் திரும்ப அழைப்பீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இதைத் தலைமைப் பயிற்சியாளரே சொல்ல வேண்டும். உதவியாளர் மூலம் சொல்லி அனுப்பினால் அது தண்டனையாகவே அவர் காதில் விழும்.

ஒப்பந்தத்தின் நாட்காட்டி பயிற்சியின் நாட்காட்டிக்காகக் காத்திருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். என்.பி.ஏ.வில் முதல் சுற்றில் தேர்வானவரின் ஒப்பந்தத்தில் முதல் இரண்டு ஆண்டுகள் உறுதியானவை. மூன்றாம், நான்காம் ஆண்டுகள் அணியின் விருப்பம். மூன்றாம் ஆண்டுக்கான விருப்பத்தை அணி இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே, அக்டோபர் முடிவதற்குள் தெரிவித்தாக வேண்டும். அதாவது ஒரே ஒரு பருவத்தையும் ஒரு கோடையையும் பார்த்துவிட்டு அந்த முடிவு எடுக்கப்படுகிறது. ஆகவே முதல் பருவ முடிவில் நிர்வாகத்துக்குக் கொடுக்கும் அறிக்கையில் புள்ளிச் சராசரியை முன்னே வைக்காதீர்கள். பந்தைப் பிடித்துக்கொண்டு நின்ற தருணங்கள் முதல் பத்து ஆட்டங்களில் எத்தனை, கடைசிப் பத்து ஆட்டங்களில் எத்தனை. உதவிக்கு உள்ளே வந்துவிட்டு மூலைக்குத் திரும்பியபோது எத்தனை முறை நேரத்தோடு போய்ச் சேர்ந்தார். மூலையிலிருந்து எறிந்த எறிதல்களில் எத்தனையில் முட்டி முன்கூட்டியே மடங்கியிருந்தது. இந்த மூன்று எண்ணிக்கைகளும், முதல் இரண்டு வாரத்தில் நீங்கள் எடுத்துவைத்த கணக்கும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.